மெல்லிய படல அழுத்த சென்சாரும் டிஸ்பிளேயும்: இணைப்பு முதல் நம்பத்தகுந்த எண் வரை

விரலால் அழுத்தினால் எண் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. இதுவரை வருவதற்கு அரை மணி நேரம் போதும். அந்த எண்ணை நம்பி ஒரு வேலையில் இறங்க வேண்டும் என்னும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும். நான் முதலில் செய்த கருவியில் கிராமுக்குப் பின் இரண்டு தசம இடங்கள் காட்டினேன். தண்ணீர் நிரப்பிய பாட்டில் ஒன்றை வைத்து, 500.00 வரும்வரை சரிசெய்து, நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் காலையில் அதே பாட்டிலை அதே மேசையில் வைத்தேன். 438.62 என்றது. அந்த .62 மட்டும் எவ்வளவு தைரியமாக நின்றது என்பதுதான் வேடிக்கை.

ஆகவே இந்த வழிகாட்டியில் வயரிங் கொஞ்சம்தான் இருக்கும். சென்சாரைப் பொருத்துவது, அளவுதிருத்தம் செய்வது (தெரிந்த எடைகளை வைத்து எண்ணை எடையோடு பொருத்துவது), டிஸ்பிளேயில் எதைக் காட்டலாம் எதைக் காட்டக் கூடாது என்பது, இவற்றுக்குத்தான் அதிக இடம்.

உள்ளே என்ன நடக்கிறது

இரண்டு மெல்லிய பாலியெஸ்டர் படலங்கள். ஒன்றின் மேல், விரல்களைக் கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு வெள்ளிக் கடத்திக் கோடுகள். மற்றதன் மேல் கார்பன் கலந்த மை. இரண்டுக்கும் நடுவே வளையம்போல ஓர் ஒட்டுப்படலம். அதனால் சும்மா இருக்கும்போது இரண்டும் தொடாது, மின்தடை 10 மெகா ஓமுக்கும் மேலே இருக்கும். அழுத்த அழுத்த மை கோடுகளைத் தொடும் புள்ளிகள் பெருகும், மின்தடை இறங்கும். பிராங்க்ளின் ஈவென்டாஃப் 1970களின் பிற்பகுதியில் காப்புரிமை பெற முனைந்த இந்த யோசனைதான் இன்று இன்டர்லிங்க் நிறுவனத்தின் 402 போன்ற வட்டமான சென்சார்களாகக் கிடைக்கிறது. டெக்ஸ்கேன் நிறுவனத்தின் ஃபிளெக்ஸிஃபோர்ஸ் வகையில் மை இரண்டு பக்கமும் இருக்கும், மின்சாரம் மேலிருந்து கீழாகப் பாயும். நேர்கோட்டுத்தன்மை இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கும். இணைக்கும் முறையில் பெரிய வேறுபாடு இல்லை.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, பெயரில் அழுத்தம் என்று இருந்தாலும் இது அளப்பது விசையையும் அது பரவியிருக்கும் விதத்தையும் சேர்த்துத்தான். ஒரே எடையை ஆணி முனையில் தாங்க வைத்தால் ஒரு எண், ரப்பர் வில்லையில் தாங்க வைத்தால் வேறொரு எண். இரண்டாவது, 402இன் தரவுத்தாளே ஒரே சென்சாரைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் சுமார் 2% மாறும், ஒரு சென்சாருக்கும் அடுத்ததற்கும் சுமார் 6% மாறும், எடையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் 10% வரை வேறுபடலாம் என்று சொல்லிவிடுகிறது. இதை எடைக்கருவியாக்க நினைப்பவர்கள் இங்கேயே நின்று, எடை அளப்பதற்கென்றே உள்ள லோட் செல் பக்கம் போய்விடலாம். யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, பிடி இறுகியிருக்கிறதா, பாத்திரம் காலியா நிறைந்திருக்கிறதா, குதிகாலில் அழுத்தம் அதிகமா முன்பாதத்திலா என்பது போன்ற கேள்விகளுக்கு இதைப்போல மெலிதான, மலிவான சென்சார் வேறில்லை.

தேவையானவை

ஒரு சென்சார், ஆர்டுயினோ யூனோ அல்லது அதற்கு இணையான போர்டு, 0.96 அங்குல ஓஎல்இடி டிஸ்பிளே (128×64 புள்ளிகள், எஸ்எஸ்டி1306 சிப்), 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று, பிரெட்போர்டு, ஜம்பர் வயர்கள், மல்டிமீட்டர். அப்புறம் சென்சாரின் உணர் பரப்பைவிட ஓரிரு மில்லிமீட்டர் சிறியதாக வெட்டிய ரப்பர் வில்லை ஒன்று. இந்த வில்லையைப் பலர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. வாங்கும் பொருட்களில் ஆகக் குறைந்த விலை இதுதான், பலன் ஆக அதிகமும் இதுதான்.

சில சென்சார்கள் ஒரு சிறிய மாற்றுப் பலகையுடனே வரும். அதில் நீல நிறத்தில் ஒரு திருகு மின்தடையும், அனலாக், டிஜிட்டல் என இரண்டு வெளியீடுகளும் இருக்கும். டிஜிட்டல் வெளியீடு ஒரு வரம்பைத் தாண்டியதா இல்லையா என்று மட்டும் சொல்லும். அந்த வரம்பைத் திருகு தீர்மானிக்கும். அது போதுமென்றால் அந்தப் பலகையே போதும். அளவு தெரிய வேண்டுமென்றால் அனலாக் வெளியீட்டைப் பயன்படுத்துங்கள், அல்லது கீழே உள்ளபடி நீங்களே ஒரு மின்தடையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மல்டிமீட்டர்

எதையும் இணைக்கும் முன் சென்சாரின் இரண்டு முனைகளையும் மல்டிமீட்டரில் பிடித்துப் பாருங்கள். தொடாதபோது அளவுக்கு மீறியது என்று காட்ட வேண்டும். லேசாகத் தொட்டால் பத்துக் கணக்கான கிலோ ஓம், நன்றாக அழுத்தினால் ஒன்றிரண்டு கிலோ ஓம். தொடாமலே ஏதாவது எண் வந்தால் சென்சார் மடங்கியிருக்கிறது, அல்லது உள்ளே ஈரம் போயிருக்கிறது.

சென்சாரிலிருந்து நீளும் வால் பகுதியில் நேராகச் சால்டரிங் செய்யாதீர்கள். என் முதல் சென்சார் அப்படித்தான் போனது. சால்டரிங் அயர்ன் தொட்ட இடத்தில் பிளாஸ்டிக் சுருங்கி, வெள்ளிக் கோடு உரிந்து வந்துவிட்டது. வாலில் ஏற்கெனவே பின்கள் பொருத்திய சென்சாரை வாங்குங்கள், அவை பிரெட்போர்டில் நேராக உட்காரும். நீண்ட வயர் வேண்டுமானால் பெண் முனை ஜம்பரைச் செருகி, அந்த இணைப்பு ஆடாதபடி டேப் போட்டுக் கட்டிவிடுங்கள். வாலைக் கூர்மையாக மடிக்கவும் கூடாது.

எந்த மின்தடை?

இணைப்பு எளிது. 5 வோல்ட்டிலிருந்து சென்சாரின் ஒரு முனைக்கு. மறு முனையிலிருந்து போர்டின் ஏ0 என்ற அனலாக் பின்னுக்கு. அதே ஏ0 பின்னிலிருந்து மின்தடை வழியாகத் தரைப் பின்னுக்கு (ஜிஎன்டி). சென்சாருக்கு நேர், எதிர் முனை கிடையாது, எப்படி மாட்டினாலும் ஒன்றுதான். இப்படி வைத்தால் அழுத்தம் கூடக் கூட வோல்ட்டேஜும் கூடும்.

மின்தடையின் மதிப்பில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாப் படங்களிலும் 10 கிலோ ஓம் என்றிருக்கும். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. 402 வகை சென்சார் தோராயமாக 20 கிராமுக்கு 30 கிலோ ஓம், 100 கிராமுக்கு 6 கிலோ ஓம், 1 கிலோவுக்கு 1 கிலோ ஓம், 10 கிலோவுக்கு 250 ஓம் காட்டும். யூனோ 0 முதல் 5 வோல்ட்டை 0 முதல் 1023 வரையான எண்ணாக மாற்றும். கணக்குப் போட்டால் வருவது இது:

| எடை | 10 கிலோ ஓம் | 4.7 கிலோ ஓம் | 1 கிலோ ஓம் |
|---|---|---|---|
| 20 கிராம் | 256 | 139 | 33 |
| 100 கிராம் | 639 | 449 | 146 |
| 1 கிலோ | 930 | 844 | 512 |
| 10 கிலோ | 998 | 971 | 818 |

10 கிலோ ஓம் வரிசையைப் பாருங்கள். 100 கிராமுக்குள்ளேயே பாதிக்கு மேல் செலவாகிவிட்டது. 1 கிலோவிலிருந்து 10 கிலோ வரை மிச்சம் இருப்பது வெறும் 68 படிகள். தொடுதலை உணர இது அருமை, கனமான எடைக்கு உதவாது. 1 கிலோ ஓம் போட்டால் அதே இடைவெளிக்கு 306 படிகள் கிடைக்கும். ஆனால் வேறொரு தொல்லை வரும்: 10 கிலோ எடையில் சென்சார் வழியாக 5 ÷ 1250, அதாவது 4 மில்லி ஆம்பியர் ஓடும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியருக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் இந்த வகை சென்சார்களைத் தயாரிப்பவர்கள். 12.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 1.27 சதுர சென்டிமீட்டர்தான். 4.7 கிலோ ஓம் போட்டால் அந்த எடையிலும் சுமார் 1 மில்லி ஆம்பியர்தான் ஓடும், படிகளும் ஓரளவு பங்கிட்டு விழும். அதனால்தான் மேலே பட்டியலில் அதைப் போட்டேன். உங்கள் எடை 200 கிராமுக்குள் என்றால் தயங்காமல் 10 கிலோ ஓமே போடுங்கள்.

யூஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட் சில நேரம் 4.7 ஆக இறங்கியிருக்கும். கவலை வேண்டாம். சென்சாருக்குப் போகும் அதே மின்னழுத்தத்தைத்தான் யூனோவும் ஒப்பிடும் அளவுகோலாக வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து இறங்குவதால் எண் மாறாது. யூனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்கள் 3.3 வோல்ட்டிலிருந்து சென்சாருக்குக் கொடுங்கள். அதன் எண் 4095 வரை போகும், ஆனால் இரண்டு ஓரங்களிலும் நேராக இருக்காது; வைஃபை ஓடும்போது ஏடிசி2 என்ற பிரிவைச் சேர்ந்த அனலாக் பின்களும் வேலை செய்யாது.

டிஸ்பிளேயை மாட்டுவது

ஓஎல்இடியில் நான்கு பின்கள்: மின்சாரம், தரை, எஸ்டிஏ, எஸ்சிஎல். யூனோவில் எஸ்டிஏ ஏ4க்கும் எஸ்சிஎல் ஏ5க்கும் போகும். ஒரே ஒரு எச்சரிக்கை: தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு போர்டுகளில் மின்சாரப் பின்னும் தரைப் பின்னும் இடம் மாறியிருக்கலாம். பழைய டிஸ்பிளேயைக் கழற்றி அதே இடத்தில் புதியதைச் செருகும் முன் பலகையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிடுங்கள்.

டிஸ்பிளேயை இயக்கும் லைப்ரரியில் அதன் முகவரி கேட்கும். பெரும்பாலான ஓஎல்இடிகளுக்கு அது தசம எண்ணில் 60, சிலவற்றுக்கு 61. பதினாறு எழுத்து, இரண்டு வரி எல்சிடியை ஐ2சி பலகையோடு (எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற அதே இரண்டு வயர்களில் பேசும் முறை) பயன்படுத்தினால் 39 அல்லது 63. தெரியாவிட்டால் ஐ2சி ஸ்கேனர் ஸ்கெட்ச் ஒன்றை ஓடவிட்டால் அதுவே சொல்லிவிடும். எல்சிடியில் வெளிச்சம் மட்டும் வந்து எழுத்து வரவில்லையென்றால், பின்னாலிருக்கும் நீலத் திருகை மெதுவாகத் திருப்புங்கள். பத்தில் ஒன்பது முறை அதுதான்.

நினைவகத்தையும் கவனியுங்கள். 128×64 புள்ளிகளை முழுப் படமாக வைத்துக்கொள்ள 1024 பைட் தேவை. யூனோவின் மொத்த நினைவகமே 2048 பைட். அடாஃப்ரூட்டின் எஸ்எஸ்டி1306 லைப்ரரி இப்படித்தான் பாதியை எடுத்துக்கொள்ளும். மீதியில் பெரிய அணிகளை வைத்தால் டிஸ்பிளே காரணம் சொல்லாமல் கறுத்துவிடும். எழுத்தும் எண்ணும் மட்டும் போதுமென்றால் யு8ஜி2 லைப்ரரியோடு வரும் யு8எக்ஸ்8 முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது முழுப் படத்தையும் நினைவகத்தில் வைப்பதில்லை.

தமிழில் "அழுத்தம்" என்று காட்ட ஆசைப்பட்டால் ஒரு வார்த்தை. இந்த லைப்ரரிகள் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கத்தான் தெரிந்தவை. "கொ" என்பதில் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க அவற்றுக்குத் தெரியாது. தேவையான இரண்டு மூன்று சொற்களைப் படமாக மாற்றி, படமாகவே காட்டிவிடுவதுதான் குறுக்கு வழி. பார்க்கவும் அழகாக இருக்கும்.

நிரல் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு சுற்றிலும் ஏ0வை ஒருமுறை படித்து அப்படியே காட்டினால் கடைசி இலக்கம் துடித்துக்கொண்டே இருக்கும். பதினைந்து முறை படித்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுங்கள். சராசரியைவிட இது நல்லது, ஏனென்றால் திடீரென்று வரும் ஓர் அசட்டு எண் சராசரியை இழுத்துவிடும், நடு எண்ணை அசைக்காது. அதன்பின் லேசாக மென்மையாக்குங்கள்: புதிய காட்டும் எண் = பழையதில் 80% + இப்போது படித்ததில் 20%.

அடுத்து, அந்த எண்ணை நேராக எடையாக்காதீர்கள். மேலே அட்டவணையில் பார்த்தபடி எண்ணுக்கும் எடைக்கும் உள்ள உறவு வளைந்தது. மின்தடையின் தலைகீழ், அதாவது கடத்துத்திறன், எடையோடு இன்னும் ஒழுங்காக நகரும். மைக்ரோ சீமென்ஸ் அலகில்:

கடத்துத்திறன் = 1000000 × எண் ÷ (4700 × (1023 − எண்))

449 வந்தால் 166, 844 வந்தால் 1003. இதில் இரண்டு பொறிகள் உண்டு. எண் 1023 ஆகிவிட்டால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும். அதற்கு முன்பே பிடித்து, டிஸ்பிளேயில் "அளவு மீறியது" என்று காட்டுங்கள். இன்னொன்று, யூனோவில் சாதாரண முழு எண் 32767க்கு மேல் தாங்காது. 4700ஐ 574ஆல் பெருக்கும்போதே அது பொங்கி வழிந்து, எதிர்மறை எண்கூட வரும். எல்லாவற்றையும் தசம வகையில் (ஃப்ளோட்) வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

டிஸ்பிளேயை வினாடிக்கு நான்கைந்து முறை புதுப்பித்தால் போதும். அதற்கு டிலே போட்டு நிரலை நிறுத்தி வைக்காமல், ஓடிய நேரத்தைச் சொல்லும் மில்லிஸ் கணக்கை வைத்து 200 மில்லி வினாடி ஆகிவிட்டதா என்று பார்த்து எழுதுங்கள். எல்சிடியில் இன்னொரு குறும்பு நடக்கும். 1023 இருந்த இடத்தில் 87 என்று எழுதினால் 8723 என்று தெரியும், பழைய இலக்கங்கள் அழியாமல் நிற்பதால். எண்ணை எப்போதும் ஒரே அகலத்தில், முன்னால் வெற்றிடம் நிரப்பி எழுதுங்கள்.

சென்சாரைப் பொருத்துவது

நான் காலையில் பார்த்த 438க்குக் காரணம் நிரலில் இல்லை, இங்கே இருந்தது. சென்சாரை மேசைமேல் சும்மா போட்டு, அதன்மேல் பாட்டிலை வைத்திருந்தேன். பாட்டிலின் அடி தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் குழிந்திருந்தது. ஒவ்வொரு முறை வைக்கும்போதும் வேறொரு விளிம்பு சென்சாரைத் தொட்டது.

அடித்தளம் கெட்டியாகவும் தட்டையாகவும் இருக்கட்டும். அக்ரிலிக் பலகை, உலோகத் தகடு எதுவானாலும் சரி. சென்சாரை மெல்லிய இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள், உள்ளே குமிழோ தூசியோ இல்லாமல். சூப்பர் குளூ வேண்டாம். மேலே, உணர் வட்டத்தின் நடுவில், அந்த ரப்பர் வில்லை. எடை முழுவதும் வில்லை வழியாகத்தான் இறங்க வேண்டும், ஓரத்து வளையத்தில் ஒரு துளியும் போகக் கூடாது. ஓரம்தான் இரண்டு படலங்களையும் பிரித்துத் தாங்கும் இடம். அங்கே விழும் எடை சென்சாருக்குத் தெரியாது.

வாலின் வழியாக உள்ளிருக்கும் காற்று வெளியேற ஒரு நுண்ணிய வழி உண்டு. தண்ணீர் புகக் கூடாது என்று வாலைச் சுற்றிலும் இறுக்கி டேப் சுற்றினால், அழுத்தும்போது காற்று சிக்கி, விட்டபின் எண் மெதுவாகத்தான் இறங்கும். ஈரமான இடத்தில் வைக்க வேண்டுமென்றால் மொத்தத்தையும் தளர்வான பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள்.

மேலே பலகை ஒன்றை வைத்து அதை நான்கு மூலைகளில் தாங்குவதாக இருந்தால், நான்கு மூலைகளிலும் சென்சார் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து மற்ற மூன்றில் கட்டையைக் கொடுத்தால், பொருள் எங்கே இருக்கிறதோ அதற்கேற்பத்தான் எண் வரும்.

அளவுதிருத்தம்

பொருத்தி முடித்தபின்தான் இதைச் செய்ய வேண்டும். வில்லையை மாற்றினால், டேப்பை மாற்றினால், சென்சாரை மாற்றினால், மறுபடியும் முதலிலிருந்து.

முதலில் சென்சாரைப் பழக்குங்கள். நீங்கள் அளக்கப் போகும் அதிகபட்ச எடையைவிட 10% கூடுதலாக வைத்து, எண் நிலைத்ததும் எடுங்கள். இப்படி நான்கைந்து முறை. புதிய சென்சாரிலும், நாட்கணக்கில் சும்மா கிடந்த சென்சாரிலும் இதைத் தவிர்த்தால் முதல் சில எண்கள் பிந்தையவற்றோடு சேராது.

எடைக்கற்கள் இல்லாவிட்டால் தண்ணீர் இருக்கிறது. ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோ. பாட்டிலின் எடையைச் சேர்க்க மறக்காதீர்கள். 100, 250, 500, 1000 கிராம் என நான்கைந்து புள்ளிகள் போதும். ஒவ்வொரு எடையையும் வைத்து, சரியாகப் பத்து வினாடி கழித்துக் கடத்துத்திறனைக் குறியுங்கள். ஏன் பத்து என்று கேட்டால், ஐந்தாக இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் அதே நேரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எடை அப்படியே இருந்தாலும் எண் மெல்ல ஏறிக்கொண்டே போவது இந்த சென்சார்களின் இயல்பு. ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை குறித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். உங்கள் கருவி எவ்வளவு ஏமாற்றும் என்பது அந்த வித்தியாசத்தில் தெரிந்துவிடும்.

கிடைத்த புள்ளிகளுக்கு ஒரே நேர்கோடு பொருந்தாது. மேலே சொன்ன தோராய மதிப்புகளிலேயே பாருங்கள்: எடை 100 கிராமிலிருந்து பத்து மடங்கானபோது கடத்துத்திறன் ஆறு மடங்குதான் ஆனது. ஆகவே புள்ளிகளை ஓர் அட்டவணையாக நிரலில் வைத்து, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மட்டும் நேர்கோடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு 166, 1000 கிராமுக்கு 1003 என்று மட்டும் இருந்து, இப்போது 500 வந்தால், எடை = 100 + 900 × (500 − 166) ÷ (1003 − 166), சுமார் 459 கிராம். நடுவில் புள்ளிகள் கூடினால் இந்தக் கணிப்பும் நெருங்கி வரும். கடைசிப் புள்ளிக்கு அப்பால் மட்டும் கோட்டை நீட்டாதீர்கள். அட்டவணையை போர்டின் நிலையான நினைவகமான ஈஈபிராமில் எழுதி வைத்தால் மின்சாரம் போனாலும் அழியாது.

டிஸ்பிளேயில் எதைக் காட்டுவது

ஏற்றி இறக்கியபோது 500 கிராமில் 40 கிராம் வித்தியாசம் வந்ததா? அப்படியானால் 459 என்று காட்ட உங்களுக்கு உரிமை இல்லை. 50க்கு 50ஆக முழுமையாக்கி 450 என்று காட்டுங்கள். கூடவே கீழே ஒரு பட்டையை வையுங்கள், அழுத்தத்துக்கேற்ப நீளும்படி. பார்ப்பவர் கண் பட்டையைத்தான் பின்தொடரும். என் இப்போதைய கருவியில் எண்ணையே எடுத்துவிட்டேன். "காலி", "பாதி", "நிறைவு" என்று மூன்று சொற்கள், ஒரு பட்டை.

அப்படி நிலைகளாகக் காட்டும்போது ஒரே வரம்பை வைக்காதீர்கள். 500இல் "பாதி" என்று மாற வேண்டுமானால், திரும்பவும் "காலி" ஆவதற்கு 420க்குக் கீழே இறங்க வேண்டும் என்று வையுங்கள். இல்லாவிட்டால் எடை வரம்பில் நிற்கும்போது இரண்டு சொற்களும் மாறி மாறி மின்னும்.

வராவிட்டால்

எண் எப்போதும் 0 என்றால் சென்சார் இணைப்பு விட்டிருக்கிறது. எப்போதும் 1023 பக்கத்தில் நின்றால், தரைக்குப் போகும் மின்தடை இணையவில்லை, அல்லது சென்சார் உள்ளே ஒட்டிக்கொண்டது, மல்டிமீட்டர் சொல்லிவிடும். தொடாமலே எண் அலைந்தால் பெரும்பாலும் ஏ0 வயர் காற்றில் தொங்குகிறது. அழுத்தினால் எண் குறைகிறதா, சென்சாரும் மின்தடையும் இடம் மாறியிருக்கின்றன. எடையை எடுத்தபிறகும் எண் பூஜ்யத்துக்கு வரவில்லையென்றால் வில்லையையும் மேல் பலகையையும் கழற்றிப் பாருங்கள். அவை சென்சாரை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருந்தால், அந்த எண்ணை இயக்கம் தொடங்கும்போதே படித்துக் கழித்துவிடலாம். வெறும் சென்சாரே பூஜ்யத்துக்கு வரவில்லையென்றால் மாற்ற வேண்டியதுதான், அளவுதிருத்தமும் சேர்த்து.